ஜீப் கவுந்து அம்மாவுக்கு காறை எலும்பு ஒடைஞ்சு போச்சு, தோட்டக்காரன் பொறுப்பா ஜீப்காரன் பொறுப்பா?

தேவாரத்துப்_பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். இங்க வந்து படிச்சுட்டு மட்டும் போவேன், எழுதுறது இதான் மொத தடவ, ரொம்ப நீளமா இருந்தா மன்னிச்சுக்கங்க.

எங்க ஊரு தேவாரம் பக்கம். அம்மா 14 வருசமா கேரளா மலைக்கு போறாக, ஏலத்தோட்ட வேலைக்கு. வெள்ளன மூணு மணிக்கு எந்திரிச்சு சோறாக்கி தூக்குவாளில போட்டுக்கிட்டு அஞ்சேகாலுக்கெல்லாம் ஜீப் நிக்கிற எடத்துக்கு போயிரணும், அஞ்சு நிமிசம் பிந்துனா அன்னைக்கு கூலி போச்சு. சாக்கலூத்துமெட்டுல ரோடு போட்டா எங்க ஊர்ல இருந்து நேரா மேல ஏறிரலாம், அத எங்க தாத்தா காலத்துல இருந்தே கேட்டுக்கிட்டுத்தான் இருக்காக, அது காட்டு எடம்னு அப்படியே கெடக்கு, அதனால போடி போயி முந்தல் வழியா போடிமெட்டு ஏறி பூப்பாறை போயி சுத்தித்தான் போகணும். எட்டு மணிக்கு தோட்டத்துல நிக்கணும்னா கணக்கு போட்டு பாத்துக்கங்க. ராத்திரி ஏழு மணிக்குதான் வீடு.

பொங்கல் முடிஞ்சு அடுத்த வாரம் சாயங்காலம் எறங்கி வரும்போது, தோட்டத்து மண் ரோட்ல இருந்து மெயின் ரோடு ஏறுற எடத்துல, நல்ல மஞ்சு, ஜீப் பின்னால வழுக்கி ஒரு பக்கமா சாஞ்சு கவுந்துருச்சு. உள்ள 16 பேரு. பெரிய பள்ளம் இல்ல, சாமி புண்ணியம், யாரு உசுருக்கும் ஒண்ணுமில்ல. அம்மாவுக்கு எடது காறை எலும்பு ரெண்டா ஒடைஞ்சு போச்சு, இன்னொரு சித்திக்கு நெத்தில பதினோரு தையல், மத்தவுகளுக்கு ஊமக்காயம்.

வேலைக்கு ஆள் கூட்டிட்டுப் போற கங்காணியே வேற வண்டி புடிச்சு கீழ கூட்டிட்டு வந்து ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரில கட்டு போட்டு விட்டாரு. "கேசு கீசு வேணாம்மா, கேசுன்னா வண்டிய புடிச்சு ஸ்டேசன்ல போட்டுருவாங்க, அப்புறம் நாளைக்கு ஒருத்தரும் வேலைக்கு போக முடியாது"ன்னு சொல்லி அங்க விழுந்து எந்திரிச்சதுன்னு எழுத வச்சுட்டாரு. மூணாவது நாள் வீட்டுக்கு வந்து 10000 ரூவா குடுத்து ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கிட்டு போனாக. அந்த பேப்பரு மலையாளத்துல இருந்துச்சு, நான் அப்ப வேலைக்கு போயிட்டேன், அம்மாவுக்கு தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும். நல்லவேளை என் தம்பி போன்ல போட்டோ எடுத்து வச்சிருந்தான்.

இப்ப ஒரு மாசம் ஆச்சு. கைய தூக்க முடியல. ஆப்பரேசன் பண்ணி பிளேட் வைக்கணும்னு இப்ப சொல்றாக. தோட்டத்துக்கு போன் பண்ணி கேட்டா "ஜீப் எங்களுது இல்ல, ஏஜென்ட்டு வண்டி, அவன்கிட்ட கேளுங்க"ன்றாக. கங்காணிய கேட்டா "நான் என்னம்மா பண்ணுவேன் நானும் கூலிக்காரந்தான், முதலாளிய கேளுங்க". ஜீப் ஓனர் போனே எடுக்குறதில்ல. தோட்டம் ஒரு முப்பது ஏக்கர் இருக்கும்னு அம்மா சொல்றாக, எடுப்பு சமயத்துல நாப்பது பொம்பளைக நிப்பாகளாம். 14 வருசத்துல இந்த தோட்டத்துல மட்டும் 9 வருசம். ஆனா செக்ரோல்ல (தோட்டத்து ஆள் பதிவு நோட்டு) பேரு இருக்கான்னு கேட்டா தெரியாதுன்றாக, பேரெல்லாம் கங்காணி நோட்டுலதான், சனிக்கெழம சனிக்கெழம ஜீப் காச புடிச்சுக்கிட்டு கங்காணி கையாலதான் சம்பளம். பிஎப் கெடையாது, ஒரு சீட்டு கெடையாது.

என் கேள்வி இதான். இதுல யாரு பொறுப்பு? கையெழுத்து போட்டதால இனிமே கேக்க முடியாதா? ஆக்சிடென்ட் நடந்தது கேரளால, நாங்க இருக்குறது தமிழ்நாட்டுல, எங்க போயி கேக்குறது? தெரிஞ்சவுக சொல்லுங்க.

---

கம்பத்துக்காரன்77:

தங்கச்சி கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா அனுபவத்துல சொல்றேன், கேசுன்னு போனா நாலஞ்சு வருசம் இழுக்கும், அதுக்குள்ள அந்த லைன்ல ஒரு ஜீப்காரனும் உங்க அம்மாவ ஏத்த மாட்டான். ஊர் பெரியவங்கள வச்சு பேசி ஒரு அம்பதாயிரம் வாங்கிட்டு முடிச்சுக்கோங்க.

---

கோர்ட்டு_வாசல்:

பாப்பா, மேல சொன்னவர் சொன்ன மாதிரி அவசரப்பட்டு பேசி முடிச்சுராத. நான் வக்கீல் இல்ல, உத்தமபாளையத்துல வக்கீல் குமாஸ்தாவா 20 வருசத்துக்கு மேல ஓடிருச்சு, மலை ஜீப் கேசு மட்டும் எத்தன கட்டு கட்டிருப்பேன்னு எனக்கே கணக்கு இல்ல. தெரிஞ்சத சொல்றேன், கடைசில ஒரு வக்கீல பாத்துதான் ஆகணும்.

மொதல்ல அந்த கையெழுத்து. பயப்படாத. வேலையில அடிபட்ட தொழிலாளி "எனக்கு நஷ்டஈடு வேணாம்"னு எழுதிக் குடுத்தாலும் அது செல்லாதுன்னு 1923ல வந்த தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டத்துல இருந்தே உண்டு. வெள்ளக்காரன் காலத்துலயே இவனுங்க இந்த வேலைய பண்ணியிருக்கானுங்கன்னுதான அர்த்தம், இல்லன்னா எதுக்கு அப்படி ஒரு பிரிவு எழுதப் போறான். அதுவும் படிக்கத் தெரியாத மொழில வாங்குன கையெழுத்து. தம்பி எடுத்த போட்டோவ நாலு எடத்துல சேத்து வையி.

ரெண்டாவது, யாரு பொறுப்பு. ரெண்டு பேருமே. ஆனா வேற வேற வாசல். ஜீப் மேல போறதுன்னா மோட்டார் வாகன விபத்து கேசு, தோட்டத்து மேல போறதுன்னா தொழிலாளர் நஷ்டஈடு. ரெண்டுல ஒண்ணுலதான் வாங்க முடியும், ரெண்டுலயும் முடியாது. எதுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி அந்த ஜீப் நம்பர போன் ஆப்ல போட்டு இன்சூரன்ஸ் உயிரோட இருக்கா, மஞ்ச போர்டா (வாடகை வண்டி) வெள்ள போர்டான்னு (சொந்த வண்டி) பாரு. எல்லாத்துக்கும் இதுதான் அடிப்படை. வெள்ள போர்டு வண்டி, தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும்னா உள்ள உக்காந்து வந்தவங்களுக்கு கம்பெனிக்காரன் கைய விரிச்சுருவான், ஓனர் சொத்துமேலதான் போகணும், அந்த ஓனருக்கு அந்த ஜீப்ப தவிர வேற சொத்து இருக்காது. மஞ்ச போர்டா இருந்தாலும் பெர்மிட்டுல எத்தன பேரோ அத்தன பேர் அளவுக்குத்தான் கம்பெனி பொறுப்புன்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு. 16 பேர ஏத்துன ஜீப்ல அடிபட்டவங்க கூடிட்டா இருக்குறத பங்கு வைக்கிற கதைதான்.

மோட்டார் கேசுல நமக்கு சாதகமான விசயமும் இருக்கு. டிரைவர் மேல தப்புன்னு நிரூபிக்காமலே, கொடுங்காயத்துக்கு ரெண்டரை லட்சம் கேக்கலாம்னு 2022 ஏப்ரல் 1ல இருந்து நடைமுறைல இருக்கு. எலும்பு முறிவு கொடுங்காயம்தான். அதுக்கு மேல வேணும்னா தப்ப நிரூபிச்சு முழு கேசா போடணும், எத எடுத்தா எது போகும்ங்கிறத வக்கீல் சொல்லுவாரு. அதே தேதில இருந்து இன்னொண்ணும் வந்துச்சு, விபத்து நடந்து 6 மாசத்துக்குள்ள மனு போட்டுரணும். தை மாசம் நடந்ததுன்னா ஆனிக்குள்ள. கேரளால நடந்தாலும் நீங்க குடியிருக்குற ஊரு கோர்ட்டுலயே போடலாம், அதுல சந்தேகமே வேணாம்.

தோட்டத்து மேல போறதுன்னா அங்கதான் எனக்கு நம்பிக்கை கூட. ஏலத்தோட்டம்னு பேர் சொல்லியே நஷ்டஈட்டு அட்டவணைல இருக்கு. "ஏஜென்ட் ஆளு, எங்க ஆளு இல்ல"ங்கிற பேச்சு எடுபடாது, காண்ட்ராக்டர் மூலமா வந்த ஆளா இருந்தாலும் மொதல்ல முதலாளி குடுக்கணும், குடுத்துட்டு வேணும்னா காண்ட்ராக்டர்கிட்ட வாங்கிக்கட்டும். "வேலை முடிஞ்சு போறப்பதான நடந்துச்சு"ன்னு சொல்லுவாங்க. 2025 நவம்பர் 21ல புது லேபர் கோடு (தொழிலாளர் சட்டத் தொகுப்பு) நாலும் அமலுக்கு வந்துச்சுல்ல, அதுல சமூகப் பாதுகாப்பு கோடுல வீட்ல இருந்து வேலைக்கு போற வழி, வேலை முடிஞ்சு வீடு திரும்புற வழில நடக்குற விபத்தும் வேலையில நடந்த மாதிரிதான்னு தெளிவாவே எழுதிட்டாங்க, நேரமும் எடமும் வேலையோட பொருந்தி வரணும், அவ்வளவுதான். உங்க அம்மா கேசு அதுக்கு அப்புறம் நடந்தது. அதுவும் தோட்டத்து மண் ரோட்டு வாய்லயே. இதுக்கு மேல என்ன பொருத்தம் வேணும்.

ஆனா இது எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு முட்டுக்கட்ட. உங்க அம்மா அந்த தோட்டத்துல வேலை பாத்தாங்கன்னு காமிக்கணும். கங்காணி நோட்டு நம்ம கைக்கு வராது, நாளைக்கு நோட்டே இல்லம்பான். அதனால இப்பவே தேடுங்க. கங்காணி போன்ல பணம் அனுப்புன குறுஞ்செய்தி, தோட்டத்துல எடுத்த போட்டோ, தீபாவளிக்கு முதலாளி குடுத்த சேல பையில தோட்டத்து பேரு இருந்தா அதக்கூட. சும்மா சொல்லல, ஒரு கேசுல பைய வச்சே பேசியிருக்கோம்.

அப்புறம் போலீஸ். எப்ஐஆர் இல்லாம மோட்டார் கேசு நொண்டும். கேரளா ஸ்டேசன் வரைக்கும் போக முடியலன்னா இங்க இருக்குற ஸ்டேசன்லயே குடுங்க, எந்த எல்லையில நடந்தாலும் எந்த ஸ்டேசன்லயும் வாங்கணும், ஜீரோ எப்ஐஆர்னு பேரு, 2024 ஜூலைல இருந்து புது சட்டத்துலயே அது இருக்கு. ஆஸ்பத்திரில விழுந்து எந்திரிச்சதுன்னு எழுதுனது ஒரு சிக்கல்தான், அத எப்படி சரி பண்றதுன்னு வக்கீல் பாத்துக்குவாரு. ஆப்பரேசன தேனி மெடிக்கல் காலேஜ்ல, அதான் க.விலக்கு, அங்க போயி பண்ணுங்க, போனவுடனே ஜீப் கவுந்து அடிபட்டதுன்னு உள்ளத சொல்லி ஏஆர் (விபத்துப் பதிவு) போட சொல்லுங்க.

வக்கீல் பீசுக்கு பயப்படாத. பொம்பளைங்களுக்கு வருமானம் எம்புட்டுன்னு பாக்காம இலவச சட்ட உதவி உண்டு, கோர்ட்டு வளாகத்துலயே வட்ட சட்டப் பணிகள் குழு ஆபீஸ் இருக்கும், 15100க்கு போன் போட்டாலும் சொல்லுவாங்க.

---

சும்மாடு:

நா கோம்பை. நானும் மலைக்கு போறவதான், இந்த செல்லுல பேசுனா அதுவே எழுதிக்கிருது அதுலதான் போடுறேன் தப்பு இருந்தா பாத்துக்கங்க. பாப்பா உங்க அம்மா பேரு தெரியாது ஆனா ஒரே ஜீப்ல போயிருப்போமோ என்னமோ.

முன்னால நாலு நடுவுல அஞ்சு பின்னால ஏழு, பின்னால ஒக்காந்தவ மடியில இன்னொருத்தி, இதுதான் கணக்கு. செக்போஸ்ட்டுக்கு முன்னால நாலு பேர எறக்கி விட்டு நடந்து வரச்சொல்லுவாக, தாண்டுன ஒடனே மறுக்கா ஏத்திக்குவாக. ஏதாச்சும் ஒரு ஜீப் கவுந்துச்சுன்னா ஒரு வாரம் போலீசு நின்னு புடிக்கும், ஃபைன் போடும், அந்த ஃபைனும் எங்க கூலியிலதான் புடிப்பாக. அப்புறம் பழையபடிதான்.

காய் எடுக்குறதுன்னா வெளிய இருக்குறவுக நெனைக்கிறது டீ எல கிள்ளுற மாதிரி நின்னுக்கிட்டு எடுக்குறதுன்னு. ஏலத்துல சரம் தூருல தரையோட தரையா படந்து கெடக்கும். நாள் பூரா குத்த வச்சு குத்த வச்சு செடி செடியா நவுந்துக்கிட்டே எடுக்கணும், வெளஞ்சத மட்டும் பாத்து எடுக்கணும், பிஞ்ச புடுங்குனா சூப்பர்வைசர் ஏசுவாரு. இந்த ரவுண்டு முடிச்சு நாப்பது நாப்பத்தஞ்சு நாள் கழிச்சு அதே செடிக்கு திரும்ப வரணும். ஆடில ஆரமிச்சா தை மாசி வரைக்கும் எடுப்பு, மழையோட மழையா. ஒக்காந்து எந்திரிச்சு முட்டி தேஞ்சு போச்சு, எனக்கு நாப்பத்திநாலு வயசு, கீழ ஒக்காந்து சாமி கும்பிட முடியல. அட்ட கடிக்கு மூக்குப்பொடியும் உப்பும் துணில முடிஞ்சு வச்சுக்கிருவோம். மழைக்கு கொங்காணியும் நாங்கதான் வாங்கணும், சாக்கு பிளாஸ்டிக்க மடிச்சு நாங்களே கட்டிக்கிருவோம்.

கக்கூசு கெடையாது. இத எழுத வெக்கமாத்தான் இருக்கு ஆனா எழுதுறேன். காலைல அஞ்சு மணிக்கு ஜீப்ல ஏறுறதுக்கு முன்னால போனா சாயங்காலம் வரைக்கும் காட்டுக்குள்ளதான், ஆம்பளையாளுக மருந்தடிக்கிற பக்கம் இருந்தா அதுவும் முடியாது. அதனால யாரும் தண்ணியே குடிக்கிறதில்ல. தூரமான நாள்ல துணிய மாத்தாம அப்படியே ஜீப்ல வந்து வீட்லதான். எங்க ஜீப்ல பாதிப்பேருக்கு நீர்க்கடுப்பு, நாலு பேருக்கு கர்ப்பப்பைய எடுத்தாச்சு, வயசு முப்பத்தஞ்சு நாப்பதுதான்.

மருந்துன்னு சொன்னேன்ல. ஒரு பக்கம் ஆம்பளைக மருந்தடிச்சுக்கிட்டு இருப்பாக, மறுநாளே அந்த பாத்திக்குள்ள எங்கள எடுக்க விடுவாக, எல எல்லாம் நனஞ்சு மூஞ்சில ஒரசும். ஆளு பத்தலன்னா மருந்தடிக்கிற ஓசு (குழாய்) இழுக்க எங்களத்தான் கூப்புடுவாக. அந்த கையோட சோத்த தின்ன வேண்டியதுதான், கழுவ தண்ணி ஓடையிலதான், அந்த ஓடையிலதான் மருந்து டப்பாவையும் அலசுவாக. சம்பளம் மட்டும் மருந்தடிக்கிற ஆம்பளைக்கு ஒண்ணு, ஓசு இழுக்குற பொம்பளைக்கு ஒண்ணு.

2011 டிசம்பர்ல முல்லைப்பெரியாறு கலவரத்துல நாங்க காட்டு வழியா எறங்கி ஓடி வந்தோம், அந்த வாரக்கூலி இன்னைக்கு வரைக்கும் வரல. கொரோனாவுல மெட்ட அடைச்சு எத்தன மாசம் அடுப்பெரியல. அப்பயெல்லாம் யாரு வந்து கேட்டா. நாங்க ஓட்டு போடுறது இங்கிட்டு, வேல பாக்குறது அங்கிட்டு. அங்க உள்ள ஆபீசருக்கு நாங்க அவுக ஆளு இல்ல, இங்க உள்ள ஆபீசருக்கு அது அவுக எடம் இல்ல.

பாப்பா ஒண்ணு சொல்றேன். நா காலண்டர்ல வேலைக்கு போன நாளுக்கு ஒரு கோடு போட்டு வப்பேன், கங்காணி ஏமாத்திருவாருன்னுட்டு. கோடும் கூலியும். அத தாட்சியா எடுத்துக்கிருவாகளா கோர்ட்டுல? உங்க அம்மாவும் போட்டிருப்பாக, கேட்டுப்பாரு. எல்லாரும் போடுவோம்.

இன்னொண்ணு. ஜீப்ல நெரிசல்ல ஒக்காந்து போறப்ப முன் சீட்டுல இருக்குறவன் கைய வைக்கிறது எல்லாம் நடக்கும். சின்னப் புள்ளைகள நடுவுல ஒக்கார வச்சு நாங்க சுத்தி ஒக்காந்துக்கிருவோம். அதுக்கு யாருகிட்ட சொல்றது.

---

கோர்ட்டு_வாசல்:

தாயி, காலண்டர் கோடு கண்டிப்பா சாட்சிதான். நாள்பட்ட காலண்டர், ஒவ்வொரு மாசமும் வேற வேற மசி, எடையில பால் கணக்கு கேஸ் சிலிண்டர் கணக்கு எல்லாம் கலந்து கெடந்தா இன்னும் நல்லது, அத ஒரே நாள்ல உக்காந்து சோடிச்சதுன்னு யாரும் சொல்ல முடியாது. தனியா அதுமட்டும் பத்தாது, கூட வேலை பாத்தவங்க வாய்மொழியும் சேரணும்.

ஜீப்ல கை வைக்கிற விசயத்துக்கு 2013ல வந்த வேலை எடத்து பாலியல் தொல்லை தடுப்புச் சட்டம் இருக்கு. வேலைக்கு கூட்டிட்டு போக முதலாளி ஏற்பாடு பண்ற வண்டியும் வேலை செய்யிற எடம்தான்னு அதுல சொல்லியிருக்கு. பத்துப் பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற எடத்துல உள்ளயே ஒரு கமிட்டி வச்சிருக்கணும், எந்த ஏலத்தோட்டத்துல வச்சிருக்கான், அதனால மாவட்ட அளவுல இருக்குற உள்ளூர் கமிட்டிக்கு போகலாம். நடந்து 3 மாசத்துக்குள்ள எழுதிக் குடுக்கணும். எழுதத் தெரியலன்னா எழுதிக் குடுக்க உதவி பண்ணனும்னும் சட்டத்துலயே இருக்கு.

நீங்க சொன்ன கக்கூசு, குடிதண்ணி, மழைக்கு கம்பளி இதெல்லாம் 1951 தோட்டத் தொழிலாளர் சட்டத்துலயே இருந்துச்சு. 50 பொம்பளைங்க இருந்தா புள்ளைமடம் (கைப்புள்ளைகள பாத்துக்கிற எடம்) வைக்கணும்னுகூட. அந்த சட்டம் இப்ப புது கோடுக்குள்ள போயிருச்சு. பழசுல 5 ஹெக்டேருக்கு கீழயோ 15 ஆளுக்கு கீழயோ இருந்தா அது தோட்டமே இல்லன்னு கணக்கு, 5 ஹெக்டேர்னா பன்னண்டு ஏக்கர் சொச்சம். பாப்பா சொன்ன முப்பது ஏக்கர் தாராளமா உள்ள வரும். ஆனா நம்மாளுங்க என்ன பண்ணுவாங்கன்னா முப்பது ஏக்கர பொண்டாட்டி பேர்ல பத்து மச்சான் பேர்ல பத்துன்னு எழுதி வச்சுருவாங்க. பூச்சிமருந்து வேலையில பொம்பளைங்கள விடாம தடுக்க மாநில அரசு விதி போடலாம்னு 2010ல ஒரு திருத்தம் வந்துச்சு, ஓசு இழுக்குறது எல்லாம் அதுல சேந்ததுதான். ஒரே வேலைக்கு ஆம்பளைக்கு ஒரு கூலி பொம்பளைக்கு ஒரு கூலி குடுக்கக் கூடாதுன்னு 1976லயே சட்டம். அதத்தான் இவனுங்க ஓசு புடிக்கிறது வேற வேலை, குழல் புடிக்கிறது வேற வேலைன்னு ஆக்கிட்டானுங்க.

---

மூணேக்கர்:

எல்லாரும் தோட்டக்காரன திட்டுறீங்க, எங்க பக்கமும் கொஞ்சம் கேளுங்க. நான் போடிக்காரன், ராஜகுமாரி பக்கம் மூணு ஏக்கர் குத்தகைக்கு எடுத்து பண்றேன். 2019ல ஏலக்காய் கிலோ 7000 வரைக்கும் போச்சுன்னு பேப்பர்ல போட்டதும் ஊரே நாங்க கோடீஸ்வரன்னு நெனச்சுச்சு, அன்னைக்கு அந்த வெலைக்கு விக்க யார்கிட்ட காய் இருந்துச்சு? 2018 வெள்ளத்துல செடியெல்லாம் அழுகிப் போனதாலதான அந்த வெலையே. அடுத்த வருசமே எறங்கிருச்சு. உரம் மருந்து வெல எறங்குச்சா? இருவது நாளைக்கு ஒருக்கா மருந்தடிக்கலன்னா தண்டு துளைப்பான் தின்னுட்டு போயிரும். என் தோட்டத்துல ஆறு பேரு வேலை பாக்குறாங்க, ஆறு பேருக்கு கக்கூஸ் கட்டணும்னா குத்தகை நெலத்துல எப்படி கட்டுறது, நெலத்துக்காரன் விட மாட்டான்.

ஜீப் விசயத்துல நான் ஒத்துக்குறேன், அது அநியாயம். ஆனா ஜீப்காரன்கிட்ட நாங்க ஆளு இத்தன பேரு வேணும்னு மட்டும்தான் சொல்றோம், அவன் எப்படி அடைச்சு கொண்டு வர்றான்னு எங்களுக்கு தெரியாது.

---

சும்மாடு:

தெரியாதுன்னு சொல்லாதீங்கண்ணே. எறங்குறப்ப நீங்கதான களத்துல நின்னு எண்ணுவீக.

---

மூணேக்கர்:

சரி தாயி. எண்ணுவோம்தான்.

---

லயத்து_வீடு:

நான் மூணாறுல லயத்துல (எஸ்டேட் வரிசை வீடு) பொறந்து வளந்தவன், எங்க அம்மா டீ எஸ்டேட்ல ரிட்டையர் ஆனாங்க, இப்ப நான் கோயம்புத்தூர்ல. இந்த திரெட்ட படிச்சுட்டு சும்மா போக மனசு வரல.

2015 செப்டம்பர்ல மூணாறுல பொம்பளைங்க ரோட்டுல உக்காந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். பெம்பிளை ஒருமைன்னு பேர் வச்சது அப்பதான். போனஸ 20 சதவீதத்துல இருந்து 10 ஆக்குனதுல ஆரம்பிச்சது, கூலிய 500 ஆக்குன்னு போச்சு. 9 நாள். எங்க அம்மாவும் உக்காந்தாங்க, சோத்துப் பொட்டலம் கட்டிட்டு போயி. யூனியன் தலைவருங்க வந்தப்ப கிட்டயே விடல, இத்தன வருசம் எங்க பேர்ல நீங்க பேசுனது போதும்னுட்டாங்க. அதுல முக்காவாசி நம்ம தமிழ் பொம்பளைங்கதான். போனஸ் பழைய 20க்கே வந்துச்சு. கூலி 500 வரல, அக்டோபர்ல டீக்கு 232ல இருந்து 301 ஆச்சு. இங்க யாருக்கும் தெரியாதது என்னன்னா அதே பேச்சுவார்த்தைலதான் ஏலத்துக்கும் 330, ரப்பருக்கு 381ன்னு ஏறுச்சு. ரோட்டுல உக்காந்தது டீ எஸ்டேட்டு அம்மாக்கள்தான், ஆனா பேப்பர்ல பாத்தா ஏலத்தோட்டத்து பொம்பளைங்களுக்கும் சேத்துதான் வாங்குனாங்க. அது ஜீப்ல வர்றவங்க கைக்கு வந்துச்சான்னு சும்மாடு அக்காதான் சொல்லணும்.

எங்க அம்மாவுக்கு இருந்தது உங்க அம்மாவுக்கு இல்லாதது என்னன்னு யோசிச்சு பாத்தேன். எங்க அம்மா பேரு கம்பெனி செக்ரோல்ல இருந்துச்சு, பிஎப் நம்பர் இருந்துச்சு, ரிட்டையர் ஆனப்ப கிராஜுவிட்டி வந்துச்சு, வருசத்துக்கு 15 நாள் கூலின்னு கணக்கு போட்டு. என் தங்கச்சி பொறந்தப்ப பிரசவ லீவு சம்பளம் வந்துச்சு, அப்ப 12 வாரம், இப்ப 26. ராத்திரி ஒரு லயத்துல ஒரு வீட்டு வாசல்ல பேசுனா பத்து வீட்டுக்கும் கேக்கும், அதனாலதான் ரோட்டுல ஒண்ணா எறங்க முடிஞ்சது. நீங்க பத்து ஊர்ல இருந்து பத்து ஜீப்ல வந்து பத்து முதலாளிக்கிட்ட போறீங்க, எப்ப பேசுவீங்க? ஜீப்லதான். முன் சீட்டுல கங்காணி.

எங்களுக்கு ஒண்ணும் சொர்க்கம் இல்ல, அதையும் சொல்லிடறேன். வேலை போனா வீடும் போகும், ரிட்டையர் ஆன மறுமாசமே லயத்த காலி பண்ணச் சொல்லுவாங்க, அதுக்காகவே வீட்ல ஒரு புள்ளைய படிப்ப நிறுத்தி வேலைல சேத்து விடுவாங்க. எங்க அக்கா அப்படித்தான் சேந்துச்சு. பெட்டிமுடில 2020ல லயத்தோட 70 பேரு மண்ணுக்குள்ள போனாங்க. அங்க வீடு, இங்க ஜீப்.

கேரளால பிளான்டேஷன் இன்ஸ்பெக்டர்னு தோட்டங்களுக்குன்னே தனி ஆபீசர் உண்டு, அவருக்கு ஒரு மனு ரிஜிஸ்டர் போஸ்ட்ல போடுங்க, செக்ரோல எடுத்துப் பாருங்கன்னு. அக்னாலட்ஜ்மென்ட் கார்ட பத்திரமா வைங்க. இடுக்கில தமிழ் படிக்கத் தெரிஞ்ச ஆள் இல்லாத ஆபீஸ் கம்மி, தமிழ்லயே எழுதலாம்.

---

சும்மாடு:

330 ஆ? அந்த வருசம் எங்களுக்கு 250தான் குடுத்தாக தம்பி. ஜீப்புக்கு புடிச்சது போக.

---

தேவாரத்துப்_பொண்ணு:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் போட முடியல, ஆஸ்பத்திரில அலைஞ்சுக்கிட்டு இருக்கேன். க.விலக்குல சேத்தாச்சு, உள்ளத சொல்லி ஏஆர் போட்டாச்சு, செவ்வாக்கெழம ஆப்பரேசன்.

ஜீப் நம்பர போட்டு பாத்தேன். வெள்ள போர்டு. இன்சூரன்ஸ் போன ஐப்பசியோட முடிஞ்சு போச்சு. கோர்ட்டு வாசல் அய்யா சொன்ன மாதிரி தோட்டத்து மேலதான் போகணும்போல.

சும்மாடு அக்கா சொன்னத அம்மாட்ட கேட்டேன். ஆமா கோடு போடுவேனேன்னாக. காலண்டரெல்லாம் எங்கம்மான்னா, பழசு எல்லாம் அலமாரி தட்டுல விரிச்சிருக்கு பாருன்றாக. தம்பி சாமான எல்லாம் எறக்கி வச்சு ஒண்ணொண்ணா எடுத்தான், எண்ணெ கறையோட, மொளகாப்பொடி வாசத்தோட ஏழு வருசத்து காலண்டர் கெடச்சிருச்சு. ரெண்டு வருசத்தது இல்ல, ஒண்ண எலி கடிச்சிருச்சு, ஒண்ணு எனக்கு நோட்டு அட்ட போட எடுத்தேனாம். கோடு போட்ட நாளுக்கு பக்கத்துல ஒரு சின்ன வட்டமும் இருக்கு, அது என்னன்னு கேட்டேன், அன்னைக்கு மருந்தடிச்ச பாத்தில விட்டாகன்னு அர்த்தம், மறுநாள் தலவலி வரும், அதுக்கு மாத்தர வாங்கணும்னு அடையாளமாம். 14 வருசமா இது எனக்கு தெரியாது.

சாட்சிக்குத்தான் என்ன பண்றதுன்னு தெரியல. ஜீப்ல இருந்த 16 பேர்ல பாதிப்பேர் எங்க தெருவுக்காரகதான். பகல்ல கேட்டா யாரும் வாய தொறக்கல. நெத்தில தையல் போட்ட சித்தியும் இன்னொருத்தவுகளும் மட்டும் நேத்து ராத்திரி கரண்டு போன நேரம் பாத்து வந்தாக. நாங்க வந்து சொல்றோம், ஆனா இந்த ரவுண்டு எடுப்பு முடியட்டும், இன்னும் மூணு வாரந்தான், இப்ப பேரு குடுத்தா நாளைக்கே ஜீப்ல எடம் இருக்காதுன்றாக. ஆனி வரைக்கும் நேரம் இருக்குன்னு சொல்லியிருக்கீக. தோட்டத்து மேல போடுற மனுவுக்கும் அதே ஆறு மாசந்தானா அய்யா, இல்ல அதுக்கு வேற கெடு இருக்கா?

---

கோர்ட்டு_வாசல்:

அதுக்கு 2 வருசம். ஆனா அம்புட்டு நாள் தள்ளாத பாப்பா, செக்ரோலு மாறிரும். அவங்க எடுப்பு முடிச்சுட்டு வரட்டும், நீ இப்ப காலண்டர ஒவ்வொரு பக்கமா போட்டோ எடு, வட்டம் தெரியிற மாதிரி.